14-க்கு 9 மீட்டர் மீட்டிங் ஹால்: ஒரே கதவு போதும் என்கிறார் கான்ட்ராக்டர்

கந்தன்சாவடிக்காரன்:

வணக்கம். ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அட்மின் பார்க்கிறேன். தரைத்தளத்துக்கு மேல் 6 மாடி உள்ள வாடகைக் கட்டடம். நாங்கள் 4வது மாடி முழுவதையும் எடுத்திருக்கிறோம். ஏறக்குறைய 15,000 சதுர அடி, 1,400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு மீட்டிங் ரூம்களுக்கு நடுவே உள்ள ஜிப்சம் பார்ட்டிஷனை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எடுத்தால் உள்ளளவு 14 மீட்டருக்கு 9 மீட்டர், 126 சதுர மீட்டர். மாதாந்திர டவுன்ஹால் (ஊழியர் எல்லாரும் கூடும் கூட்டம்), புதிதாகச் சேர்பவர்களுக்கு ட்ரெய்னிங், பொங்கல் விழா எல்லாம் இனி அங்கேதான். 120 நாற்காலி வாங்கப் போகிறோம்.

இப்போது ரூமுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. இரண்டுமே 900 மி.மீ. அகலம், உள்பக்கம் திறப்பவை. ஒரே காரிடார் சுவரில் 3 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அதில் ஒன்றை மூடிச் சுவராக்கி, அங்கே பெரிய ஸ்கிரீன் மாட்டலாம் என்கிறார் எங்கள் இன்டீரியர் கான்ட்ராக்டர். "ஆபீஸுக்கு 10 சதுர மீட்டருக்கு ஒருத்தர்தான் சார் கணக்கு. உங்க ஹாலுக்கு 13 பேர் வருது. ஒரு கதவு தாராளம்" என்கிறார்.

120 நாற்காலி போடும் ரூமுக்கு 13 பேர் கணக்கு என்பது எனக்கு இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்டீரியர் முரளி:

அந்த கான்ட்ராக்டர் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் ஆகாயத்திலிருந்து எடுத்த எண் இல்லை அது. என்.பி.சி. 2016, அதாவது தேசிய கட்டட விதித்தொகுப்பு (நேஷனல் பில்டிங் கோட்), பகுதி 4-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு ஓர் ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்றுதான் இருக்கிறது. எல்லா ஆபீஸ் வேலைக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் டிராயிங் போடுகிறோம், பாஸும் ஆகிறது.

வரைபலகை:

முரளி சார் சொல்லும் எண் சரி. அது மாடிக்கான எண், ரூமுக்கானது இல்லை. 10 சதுர மீட்டர் என்பது மேஜை, நடைபாதை, பேன்ட்ரி, டாய்லெட், லிஃப்ட் லாபி எல்லாவற்றையும் சேர்த்த சராசரி. அந்த மாடியில் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஊகிக்க அது உதவும். நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்ட ஹாலுக்கு அதே எண்ணைப் போட்டால் ஆளுக்கு ஒரு படுக்கையறை கொடுத்த மாதிரி ஆகும்.

அதே அட்டவணையில் கூட்டம் கூடும் இடங்களுக்குத் தனி வரிகள் இருக்கின்றன. நெருக்கமாக உட்காரும் இடம், நாற்காலி தரையில் பொருத்தப்படாதது என்றால் ஓர் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர். மேஜையோடு கொஞ்சம் தாராளமாக இருந்தால் 1.4. நிலையாகப் பொருத்திய இருக்கை என்றால் இருக்கையை எண்ணினால் போதும். இப்போது உங்கள் ஹாலுக்குப் போடுங்கள்:

126-ஐ 10-ஆல் வகுத்தால் 13.
126-ஐ 1.4-ஆல் வகுத்தால் 90.
126-ஐ 0.65-ஆல் வகுத்தால் 194.

ஒரே ரூம், மூன்று விடை. டவுன்ஹால் நடக்கும் அன்று எது உண்மை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 120 நாற்காலிதான் வாங்குகிறோம் என்பதும் உதவாது. நாற்காலி நகரும். பக்கத்து ரூமிலிருந்து வரும், பின்னால் நிற்பவர்களும் இருப்பார்கள்.

50 பேரும் அதற்கு மேலும் கூடும் இடத்தை என்.பி.சி. 'டி' பிரிவு, அதாவது மக்கள் கூடுமிடம் என்கிறது. ஆபீஸ் 'இ' பிரிவு. உங்கள் மாடி 'இ', உங்கள் ஹால் நடைமுறையில் 'டி' மாதிரி நடந்துகொள்ளப் போகிறது. ஒரு கதவு போதாது.

சும்மா கேக்குறேன்:

என்.பி.சி. வெறும் பரிந்துரைதானே? பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பு போடும் புத்தகம். சட்டம் இல்லையே. கோர்ட்டில் நிற்குமா?

வரைபலகை:

தனியாகப் பார்த்தால் பரிந்துரைதான். தீயணைப்பு மாநில அரசின் வேலை, அதனால் மாநிலம் தன் விதிகளுக்குள் இழுத்துக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தீப் பாதுகாப்புக்கு என்.பி.சி.யைத்தான் கைகாட்டுகின்றன. ஒரு வித்தியாசம் கவனியுங்கள். என்.பி.சி.க்கு 15 மீட்டர் உயரம் தொட்டாலே உயரமான கட்டடம். நம் விதிகளில் 18.30 மீட்டர் தாண்ட வேண்டும். தரைத்தளமும் 6 மாடியும் உள்ள ஆபீஸ் கட்டடம் இரண்டு கணக்கிலும் மாட்டும். அதற்குத் தீயணைப்புத் துறை சான்று வாங்கியிருப்பார்கள். அந்தச் சான்றுக்குக் கொடுத்த வரைபடத்தில் உங்கள் மாடி எப்படி இருக்கிறதோ, அதுதான் அவர்கள் ஒப்புக்கொண்டது. நீங்கள் சுவரை எடுப்பது அந்தப் படத்தை மாற்றுவது. கட்டட உரிமையாளரிடம் அந்தப் படத்தின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

டாலஸ் தமிழன்:

இங்கே டெக்சாஸில் நான் பார்க்கும் வேலையே இதுதான், அதனால் ஒப்பிட்டுச் சொல்கிறேன். இங்கே ஐ.பி.சி. (இன்டர்நேஷனல் பில்டிங் கோட்) என்ற கட்டட விதித்தொகுப்பு. ரூமில் கணக்குப்படி 49 பேர் வரை ஒரு கதவு போதும், 50 ஆனால் இரண்டு. 500-ஐத் தாண்டினால் மூன்று, 1,000-ஐத் தாண்டினால் நான்கு. நாற்காலி மட்டும் என்றால் ஆளுக்கு 7 சதுர அடி, மேஜை நாற்காலி என்றால் 15. மீட்டருக்கு மாற்றினால் வரைபலகை மேடம் சொன்ன 0.65, 1.4-தான். சும்மா நிற்கும் கூட்டத்துக்கு 5 சதுர அடி.

ஆபீஸ் மீட்டிங் ரூமுக்கு ஒரு சலுகை உண்டு. 750 சதுர அடிக்குக் குறைவாக இருந்து, ஆபீஸுக்குத் துணையாக இருந்தால் அதை ஆபீஸ் பிரிவிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரிவு மாறாது என்பது வேறு, ஆள் கணக்கு மாறாது என்பது வேறு. 700 சதுர அடி ரூமில் நாற்காலி மட்டும் போட்டால் 100 பேர். ஆபீஸ் பிரிவிலேயே இருந்தாலும் இரண்டு கதவு கேட்பார்கள். இதை இங்கேயும் ஆர்க்கிடெக்ட்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் ஹால் 1,356 சதுர அடி வருகிறது. இங்கே என்றால் பேச்சே இல்லை, கூடுமிடம்தான். இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டோ தாழ்ப்பாளோ வைத்தால் தள்ளினாலே விடுபடும் பேனிக் பார் போட வேண்டும், வாசல் பக்கத்தில் "இத்தனை பேருக்கு மேல் கூடாது" என்ற போர்டு.

முக்கியமானது இடைவெளி. ரூமின் மூலைக்கு மூலை அளவில் பாதியாவது இரண்டு கதவுக்கும் நடுவே இருக்க வேண்டும். கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் மூலைவிட்டம் 16.6 மீட்டர். பாதி 8.3, மூன்றில் ஒன்று 5.5. இப்போது இருக்கும் 3 மீட்டர் எதிலும் தேறாது. ஒரு கதவுக்கு எதிரே புகை வந்தால் 3 மீட்டர் தள்ளி இருக்கும் கதவுக்கும் அதே புகைதானே.

கந்தன்சாவடிக்காரன்:

ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங்கிலும் இருக்கிறது. இரண்டாவது கதவைத் தள்ளி வைக்க வேண்டும் என்றால் ஹாலின் குறுக்குச் சுவரில் ஒன்று போடலாம், ஆனால் அது பேன்ட்ரிக்குள் திறக்கும். பேன்ட்ரி வழியாகக் காரிடாருக்குப் போய்விடலாம். இது செல்லுமா?

நூத்தியொண்ணு:

தம்பி, செல்லாது. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேன்ட்ரியில் மைக்ரோவேவ் இருக்கும், காபி மெஷின் இருக்கும், தண்ணீர் கேன் அடுக்கியிருப்பார்கள். ஆபீஸில் தீ பிடிக்க வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று. தப்பிக்கும் வழி அதற்குள் புகுந்து போவதா? ஸ்டோர் ரூம், சர்வர் ரூம், யு.பி.எஸ். ரூம் எதற்குள்ளும் போகக் கூடாது. இன்னொருத்தர் பூட்டக்கூடிய அறை எதுவும் வழியாகாது. காரிடாருக்கே நேராகத் திறக்கட்டும்.

ரூமை விட்டு வெளியே வந்ததும் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. காரிடார் எத்தனை அகலம்? இரண்டு பக்கமும் படிக்கட்டு இருக்கிறதா, ஒரு பக்கம் முட்டுச்சந்தா?

கந்தன்சாவடிக்காரன்:

ஐயா, காரிடார் 1.8 மீட்டர். இடது கோடியில் ஒரு படிக்கட்டு, வலது கோடியில் ஒன்று. இரண்டும் 1.5 மீட்டர் அகலம், ஃபயர் டோர் போட்டவை. ஹாலின் கடைசி மூலையிலிருந்து கிட்டத்துப் படிக்கட்டுக்கு நடந்து போகும் தூரம் 28 மீட்டர் அளந்திருக்கிறேன்.

நூத்தியொண்ணு:

தூரம் பரவாயில்லை. 30 மீட்டருக்குள் வருகிறது. ஸ்பிரிங்க்ளர் முழுக்க இருந்தால் அதில் பாதி கூடுதலாகவும் விடுவார்கள், 45 வரை. மேஜைகளைச் சுற்றிக்கொண்டு அளந்தீர்களா, நேர்க்கோட்டில் அளந்தீர்களா? நேர்க்கோட்டில் ஆள் ஓட முடியாது.

கந்தன்சாவடிக்காரன்:

சுற்றிக்கொண்டுதான் ஐயா, டேப்பை இழுத்துக்கொண்டே நடந்தேன். ஹவுஸ்கீப்பிங் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

பெஞ்சில் இருப்பவன்:

எங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு ஹால் இருக்கிறது. இரண்டு கதவு, விதிப்படி. டவுன்ஹால் அன்று பின் கதவை மறைத்து மேடை போடுகிறார்கள், அதன் மேல் கம்பெனி பெயரோடு 20 அடி ஃப்ளெக்ஸ். பச்சை எக்ஸிட் விளக்கு ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கும். நான் மூன்று பெருசுகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பச்சை வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை அன்று இன்னும் விசேஷம். சூடம் ஏற்றினால் அலாரம் அடிக்கும் என்று ஸ்மோக் டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். தீபாவளிக்கு ரங்கோலி போடும்போது அண்ணாந்து பார்த்தால் கவர் அப்படியே இருக்கிறது.

இன்டீரியர் முரளி:

சரி, இரண்டு கதவு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அகலம் எவ்வளவு என்பதில் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். அங்கேதான் காசு. மேடம், நீங்கள் 'டி' பிரிவு என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் கதவு 2,000 மி.மீ. வேண்டும். ஆபீஸ் என்றால் 1,000 போதும். 4வது மாடி ஆபீஸில் இரண்டு கல்யாண மண்டபக் கதவா?

வரைபலகை:

நல்ல கேள்வி. வெளியேறும் கதவு குறைந்தது 1,000 மி.மீ., கூடுமிடக் கட்டடமானால் 2,000 என்று என்.பி.சி. சொல்வது உண்மை. 'கட்டடம்' என்று இருப்பதால் ஆபீஸ் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு ரூமுக்கு அது பொருந்துமா என்று வாதாடலாம். நான் வாதாட மாட்டேன், காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்குப்படி தேவை எவ்வளவு என்று பார்ப்போம். 2016 பதிப்பில் பழைய 'யூனிட்' கணக்கு போய்விட்டது. 2005-இல் 500 மி.மீ.யை ஒரு யூனிட்டாக வைத்து, யூனிட்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணுவோம். இப்போது சமதளத்தில், அதாவது கதவுக்கும் காரிடாருக்கும், ஆளுக்கு 6.5 மி.மீ. படிக்கட்டுக்கு ஆளுக்கு 10 மி.மீ. படியில் ஆள் மெதுவாக இறங்குவதால் அகலம் கூட வேண்டும்.

194 பேருக்கு 6.5 போட்டால் 1,261 மி.மீ. இரண்டு 1,000 மி.மீ. கதவு வைத்தால் 2,000, தாராளம். ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்று மட்டும் 153 பேரை விடும். இப்போது இருக்கும் 900 கதவுகளைப் பாருங்கள். கண்ணாடிக் கதவில் பிடி, பிரேம் போக நிகர வழி இன்னும் குறையும். கதவின் அகலம் வேறு, ஆள் நுழையும் அகலம் வேறு. கடைக்காரர் முதலாவதைச் சொல்வார், விதி இரண்டாவதைக் கேட்கும்.

ஆனாலும் பிரதான கதவை 2,000 டபுள் லீஃபாகவும் (இரண்டு பல்லா உள்ள இரட்டைக் கதவு), இரண்டாவதை 1,000-க்குக் குறையாமலும் நான் போடுவேன். ஆய்வுக்கு வருபவர் 2,000 கேட்டால் திறப்பை உடைத்துப் பெரிதாக்கும் செலவு, முதலிலேயே பெரிதாக வைக்கும் செலவைவிட அதிகம். இதுதான் நான் வாதாடாத காரணம்.

டாலஸ் தமிழன்:

வெளிப்பக்கம் திறப்பதை மறக்க வேண்டாம். 1942-இல் பாஸ்டனில் கோக்கனட் குரோவ் என்ற கிளப் எரிந்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் சுழலும் கதவு நெரிசலில் சிக்கிக்கொண்டது. உள்பக்கம் திறக்கும் கதவுகளைக் கூட்டம் அழுத்திக்கொண்டு நின்றதால் திறக்கவே முடியவில்லை. அமெரிக்காவில் கதவு விதிகள் இறுகியதற்கு அந்த ராத்திரி ஒரு முக்கியக் காரணம்.

இன்டீரியர் முரளி:

வெளியே திறந்தால் காரிடார் 1.8-இல் பாதி போய்விடும். அப்போது வேறொருவர் காரிடாரை அடைத்துவிட்டாய் என்பார். இரண்டு பக்கமும் அடி.

வரைபலகை:

அதனால்தான் கதவை உள்வாங்கி வைக்க வேண்டும். காரிடார் சுவரிலிருந்து ஒரு மீட்டர் ஹாலுக்குள் தள்ளி ஒரு குழிவு விட்டு, அதில் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். ஹாலில் கொஞ்சம் இடம் போகும், போகட்டும். டபுள் லீஃப் என்பதால் ஒவ்வொரு பல்லாவும் ஒரு மீட்டர்தான்.

சும்மா கேக்குறேன்:

எனக்கு இன்னொரு யோசனை. வாசலில் '49 பேர் மட்டும்' என்று போர்டு மாட்டிவிட்டால்? 50-க்குக் கீழ் வந்துவிடுகிறது. ஒரு கதவு, 900, உள்பக்கம், எல்லாம் தப்பித்துவிடும்.

நூத்தியொண்ணு:

120 நாற்காலிக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிட்டு 49 என்று போர்டு மாட்டினால், நாளைக்கு ஏதாவது நடந்தபின் அந்த பர்ச்சேஸ் ஆர்டர்தான் முதலில் மேஜைக்கு வரும்.

2010 பிப்ரவரி 23, பெங்களூரு, கார்ல்டன் டவர்ஸ். சினிமா தியேட்டர் இல்லை, ஆபீஸ் கட்டடம், பகல் நேரம். 9 பேர் இறந்தார்கள். பெரிய தீ என்று சொல்ல முடியாது, புகை. படிக்கட்டில் புகை ஏறிவிட்டது, அவசர வழிகள் அடைபட்டிருந்தன, மேல் மாடிகளில் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள் உண்டு. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் உங்களை மாதிரி லேப்டாப்போடு வேலைக்கு வந்தவர்கள். காகிதத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தது என்பதைப் புகை படிக்காது.

ஈ.எல்.வி. குமரன்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆக்ஸஸ் கன்ட்ரோல் மாட்டுவதுதான் என் தொழில். கண்ணாடிக் கதவு என்றதும் எல்லாரும் மேலே மேக்னெட்டிக் லாக் கேட்பார்கள். சாதாரண 600 பவுண்டு லாக் என்றால் சுமார் 270 கிலோ இழுவை. ஆள் தோளால் இடித்துத் திறக்க முடியாது.

அது கரன்ட் போனால் தானாக விட்டுவிடும் வகைதான். "அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். இ.பி. கரன்ட் போனாலும் யு.பி.எஸ். போகாதே. லாக்கின் பவர் சப்ளைக்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கும். மாடியில் மெயினை ட்ரிப் பண்ணினாலும் லாக் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஃபயர் பேனலிலிருந்து ஒரு ரிலே வயர் வந்து, அலாரம் அடித்ததும் லாக்குக்குப் போகும் கரன்ட்டை, பேட்டரிக்குப் பிறகு, அறுக்க வேண்டும். பேட்டரிக்கு முன்னால் அறுத்தால் பிரயோஜனம் இல்லை. இந்தத் தப்பைப் பல இடங்களில் பார்க்கிறேன். டிராயிங்கில் 'இன்டர்லாக் உண்டு' என்று இருக்கும், வயர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுருட்டி விட்டிருக்கும்.

கதவுக்குப் பக்கத்தில் உள்பக்கம் பச்சை எமர்ஜென்சி பாக்ஸ் ஒன்று கட்டாயம். அழுத்தினால் லாக்குக்கு நேராகக் கரன்ட் அறுபட வேண்டும், சாஃப்ட்வேர் வழியாக இல்லை.

சோதனை சுலபம். விடுமுறை நாளில் கட்டடத்து ஆட்களிடம் சொல்லிவிட்டு, மேனுவல் கால் பாயின்ட்டை (சுவரில் இருக்கும் ஃபயர் அலாரம் பெட்டி) இயக்குங்கள். ஹூட்டர் அடிக்கும்போதே ஒவ்வொரு கதவையும் கார்டு இல்லாமல் தள்ளிப் பாருங்கள். எது திறக்கவில்லையோ அதன் வயரைத் தேடுங்கள்.

மீட்டிங் ஹாலுக்கு எதற்கு லாக் என்று கேட்டால் இன்னும் சந்தோஷம். எனக்கு வியாபாரம் போகும், பரவாயில்லை.

கந்தன்சாவடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கதவு விஷயம் புரிந்துவிட்டது. நூத்தியொண்ணு ஐயா படிக்கட்டைக் கேட்டாரே, அதில் ஏதாவது சிக்கல் உண்டா? அது கட்டட உரிமையாளருடையது, நாங்கள் தொட முடியாது.

வரைபலகை:

அதற்காகத்தான் காத்திருந்தேன். கதவைவிடப் படிக்கட்டுதான் உங்கள் உண்மையான எல்லை.

1,500 மி.மீ. படிக்கட்டு, ஆளுக்கு 10 மி.மீ., ஒரு படிக்கட்டுக்கு 150 பேர். இரண்டும் சேர்ந்து உங்கள் மாடிக்கு 300 பேர். ஹால் போக மீதி 1,274 சதுர மீட்டர், ஆளுக்கு 10 போட்டால் 128 பேர். ஹால் 194. மொத்தம் 322. படிக்கட்டு தாங்குவதைவிட 22 பேர் கூடுதல். கதவைத் தங்கத்தில் செய்து போட்டாலும் இந்த 22 போகாது.

இன்டீரியர் முரளி:

மேடம், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹாலில் உட்காருபவர்கள் யார்? அதே மாடியில் மேஜையில் இருந்தவர்கள்தானே எழுந்து வருகிறார்கள். ஒரே ஆளை மேஜையிலும் எண்ணி, ஹாலிலும் எண்ணுகிறீர்கள்.

டாலஸ் தமிழன்:

இங்கேயும் நித்தம் நடக்கும் சண்டை இது. ஒரே ஆட்கள்தான், இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பாது என்று நீங்கள் நிரூபித்தால் சில அதிகாரிகள் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். முடிவு அவர்கள் கையில். ட்ரெய்னிங் ரூம் என்றால் ஏற்க வைப்பது கஷ்டம். பயிற்சிக்கு வருபவர்களுக்கு அந்த மாடியில் மேஜையே இருக்காது.

வரைபலகை:

முரளி சார் சொல்வது சிறிய மீட்டிங் ரூம்களுக்கு நியாயம். நானும் அவற்றைத் தனியாகக் கூட்டுவதில்லை. ஆனால் கந்தன்சாவடிக்காரரின் முதல் பதிவைப் பாருங்கள்: புதிதாகச் சேர்பவர்களுக்கு ட்ரெய்னிங், பொங்கல் விழா. கம்பெனிக்கு வேறு கிளை ஏதும் இருக்கிறதா?

கந்தன்சாவடிக்காரன்:

இருக்கிறது மேடம். அம்பத்தூரில் ஒன்று. டவுன்ஹால் அன்று அங்கிருந்து ஒரு பஸ் வரும்.

வரைபலகை:

அப்படியானால் கூட்டித்தான் ஆக வேண்டும்.

வழி இருக்கிறது, செலவும் குறைவு. ஹாலைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். 14 மீட்டர் நீளத்தில் ஒரு கோடியில் 2.2 மீட்டரைத் தடுத்து ஸ்டோர் ஆக்கினால் ஹால் 11.8-க்கு 9, அதாவது 106 சதுர மீட்டர். நாற்காலி மட்டும் போட்டால் 164 பேர். ஸ்டோரையும் சேர்த்து மீதி மாடிக்கு 130 பேர். மொத்தம் 294, 300-க்குள் வந்துவிட்டது. கதவுக் குழிவுக்கு ஹாலில் போகும் இடத்தை நான் கழிக்கவே இல்லை, கழித்தால் இன்னும் குறையும். உங்கள் 120 நாற்காலி அதில் தாராளமாக அடங்கும்.

அந்த ஸ்டோரில் நாற்காலிகளை அடுக்குங்கள். இல்லாவிட்டால் எங்கே அடுக்குவார்கள் தெரியுமா? இரண்டாவது கதவுக்கு முன்னால். நான் பார்த்த எந்த ஆபீஸும் இதற்கு விலக்கு இல்லை.

புது மூலைவிட்டம் 14.8 மீட்டர், பாதி 7.4. காரிடார் பக்கச் சுவர் 11.8 நீளம். இரண்டு கோடியிலும் கதவு வைத்தால் நடுவே 7.4-க்குக் குறையாமல் கிடைக்கும். ஸ்பிரிங்க்ளர் சலுகையைத் தொடவே வேண்டாம். ஒரு கதவிலிருந்து இடது படிக்கட்டு, இன்னொன்றிலிருந்து வலது படிக்கட்டு கிட்டம். ஸ்கிரீனை ஸ்டோர் சுவரில் மாட்டுங்கள், அந்தச் சுவரில் கதவு வராது. ஸ்டோர் கதவையும் காரிடார் பக்கமே வையுங்கள். ஃப்ளெக்ஸ் கட்டுபவர்களுக்கும் அந்தச் சுவர்தான், வேறு எங்கும் ஆணி அடிக்க விடாதீர்கள்.

புதுச் சுவர் சீலிங் வரை போவதால் ஸ்டோருக்குள்ளும் ஸ்பிரிங்க்ளர், டிடெக்டர் தேவை. ஹாலில் இப்போது இருக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகள் பழைய பார்ட்டிஷனை வைத்துப் போட்டவை. அவற்றின் இடைவெளியையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெஞ்சில் இருப்பவன்:

அம்பத்தூர் பஸ்ஸில் வருபவர்களுக்கு வடை உண்டா?

நூத்தியொண்ணு:

வடை பேன்ட்ரியில். வழி காரிடாரில்.

தம்பி கந்தன்சாவடிக்காரா, இன்னொன்று. டவுன்ஹால் தொடங்கும் முன் மைக் பிடிப்பவர் கையை நீட்டி இரண்டு கதவையும் காட்டி, "அவசரம் என்றால் அந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சொல்லட்டும். மனுஷன் வந்த வழியாகவேதான் ஓடப் பார்ப்பான். அம்பத்தூரிலிருந்து வருபவருக்கு இரண்டாவது கதவு இருப்பதே தெரியாது.

கந்தன்சாவடிக்காரன்:

சொல்லிவிடுகிறேன் ஐயா. உரிமையாளரிடம் அங்கீகரித்த வரைபடம் கேட்டு மெயில் போட்டாயிற்று. எங்கள் கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் யோசனையைச் சொன்னதும், கூடுதல் சுவருக்கு கொட்டேஷன் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் ஆள் வேகம். டபுள் லீஃப் கதவைக் கண்ணாடியிலேயே போடலாமா, தரைக்குள் பதிக்கும் ப்ளோர் ஸ்பிரிங்கோடு? மேலிடத்தில் மரக்கதவு வேண்டாம் என்கிறார்கள்.

இன்டீரியர் முரளி:

டஃபன்டு கிளாஸ் போடலாம். ப்ளோர் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் ஆடும், அதனால் வெளிப்பக்கம் திறப்பதில் தடை இல்லை. கண் உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அவசரத்தில் கண்ணாடி தெரியாது. அடியில் தரைப் பூட்டு வேண்டாம் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டாண்டர்டு என்று சொல்லி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாவி செக்யூரிட்டி டிராயரில் கிடக்கும்.

வரைபலகை:

முரளி சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூடவே இரண்டாவது பல்லாவைக் கவனியுங்கள். 2 மீட்டர் டபுள் லீஃப் போட்டுவிட்டு, ஏ.சி. காற்று போகிறது என்று ஒரு பல்லாவை மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு நிறுத்திவிடுவார்கள். மறுநாளிலிருந்து அது 1 மீட்டர் கதவு. இரண்டு பல்லாவிலும் போல்ட்டே வேண்டாம். காற்று போகாமல் இருக்க நடுவில் பிரஷ் சீல் ஒட்டச் சொல்லுங்கள், அது போதும்.